வாசகசாலைக் கணினியில் ஆளுக்கொரு கணக்கா, மொழிக்கொரு கணக்கா?

வேலந்தாவளம் வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம், இந்தப் பக்கம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வாசகசாலையைச் சாயங்காலம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வளைகுடாவில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர் ஒரு டெஸ்க்டாப் வாங்கித் தந்தார். விண்டோஸ் 11, 8 ஜிபி நினைவகம். 'லைப்ரரி' என்று ஒரே கணக்கு. பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாளம் மீடியம். ஐந்தரைக்குப் பெரியவர்கள் செய்தி படிக்க வருவார்கள். சனிக்கிழமை அயல்கூட்டத்து (பெண்களின் சுய உதவிக் குழு) அக்காமார்கள் கணக்கு எழுத வருவார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியபடி கணினியை மாற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். கீபோர்டு ஒரு நாள் மலையாளம், ஒரு நாள் தமிழ். பிரவுசர் திடீரென்று முழுக்க மலையாளத்தில் நிற்கிறது. போன வாரம் பூட்டிய திரையில் பாஸ்வேர்டை நாலு தடவை அடித்தேன், நாலு தடவையும் தவறு என்றது. புள்ளி புள்ளியாகத்தானே தெரியும். கண் படத்தை அழுத்திப் பார்த்தபோதுதான் நான் அடித்தது எல்லாம் மலையாள எழுத்தாக விழுந்திருப்பது தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மனதை உறுத்துவது வேறு. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒரு தாத்தா தினமும் வருவார். பார்வை மங்கல். அவருக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைப்பேன். பிள்ளைகள் விளையாடும்போது திரையில் இடம் போதவில்லை என்று சிறிதாக்கிவிடுவார்கள். அவர் என்னிடம் கேட்கவே மாட்டார். பேசாமல் எழுந்து பத்திரிகை அடுக்குப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். இது இரண்டு தடவை நடந்துவிட்டது.

ஆகவே தனித்தனிக் கணக்கு போடலாம் என்று இருக்கிறேன். ஆளுக்கு ஒன்றா, மொழிக்கு ஒன்றா? இன்னொன்றும் கேட்க வேண்டும். திரை மொழியைத் தமிழாக்கப் போனால், இந்த விண்டோஸ் உரிமம் ஒரே ஒரு காட்சி மொழிக்குத்தான் என்று வருகிறது. இதற்கு வழி உண்டா?

நகரி டிடிபி:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். செட்டிங்ஸ் → சிஸ்டம் → அபவுட் போய்ப் பாருங்கள். 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' என்று இருக்கும். கடையில் கணினியோடு சேர்ந்தே வரும் விண்டோஸ் நம் நாட்டில் பெரும்பாலும் இந்த வகைதான். மெனு, பொத்தான்கள் எல்லாம் ஒரே மொழியில்தான் இருக்கும். ப்ரோவுக்கு மாற்றினால் இந்தத் தடை போகும், அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

ஆனால் இதை நினைத்துச் சோர்ந்து போக வேண்டாம். தடை திரை மொழிக்கு மட்டும்தான். தமிழ், மலையாளம், தெலுங்கு கீபோர்டு எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எழுத்துருவுக்கும் தடை இல்லை, நிர்மலா யூஐ என்ற எழுத்துரு நம் மொழிகள் அத்தனையையும் காட்டும். ஃபயர்பாக்ஸுக்குத் தமிழ் முகப்பு தனியாக உண்டு. லிப்ரே ஆஃபீசுக்கும் உண்டு, ஆனால் நிறுவும்போதே 'கஸ்டம்' தேர்ந்து தமிழையும் மலையாளத்தையும் குறிக்க வேண்டும். இந்த இரண்டின் மொழியும் அந்தந்தப் பயனர் கணக்கோடு தனித்தனியாக நிற்கும். உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் பிரவுசரிலும் எழுதும் செயலியிலும்தானே இருப்பார்கள்? விண்டோஸ் மெனு ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆளுக்கொன்றா மொழிக்கொன்றா என்றால், என் வாக்கு ஆளுக்கொன்றுக்குத்தான். காரணத்தை ராத்திரி எழுதுகிறேன், இப்போது கடையில் ஆள் நிற்கிறார்கள்.

மூணாறு தேயிலை:

சிங்கிள் லாங்வேஜ் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். எங்கள் லயத்துப் பக்கம் ஒரு பொதுக் கணினியை அப்படித்தான் வைத்திருக்கிறோம். தமிழ், மலையாள மொழிப் பொதிகளை நிர்வாகி ஒரு தடவை நிறுவினால் போதும். பிறகு அவரவர் தன் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸில் தன் மொழியைத் தேர்ந்துகொள்வார். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கு மாறாது. எல்லாச் சொல்லும் தமிழில் வராது, மொழிபெயர்க்காத இடங்கள் ஆங்கிலத்தில் தெரியும். ஆனாலும் முதன்முதலாக மவுஸ் பிடித்த ஒரு அம்மா, திரையைச் சத்தமாக வாசித்துக்கொண்டே தானாகப் போகிறதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மொழியை மாற்றிவிட்டு அடுத்த முறை நுழையும்போது, டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்களின் பெயரையும் புது மொழிக்கு மாற்றவா என்று கேட்கும். பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் எங்கே சேமித்தோம் என்று ஆள் ஆளுக்குத் தேடுவார்கள். நாங்கள் தேடினோம்.

சித்தூர் மாஷ்:

பாலக்காட்டுச் சித்தூர்தான். பள்ளியில் கணினி நடத்தி ஓய்வு பெற்றவன்.

மூணாறு நண்பர் சொன்னதை ஆதரிக்கிறேன். கேரளத்தில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது, 2017இல் அது கைட் என்ற அரசு நிறுவனமானது. பள்ளிக் கணினிகளில் இருக்கும் கைட் குனு/லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிய முகம். ஆனால் பெரியவர்களும் அயல்கூட்டத்தாரும் விண்டோஸில் பழகியிருந்தால் அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்.

கீபோர்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் முறையில் அடிக்கப் பழகுகிறார்கள். இன்ஸ்கிரிப்ட் பெரும்பாலான இந்திய மொழிகளுக்கு ஒரே வரைபடம். ஆங்கில 'கே' இருக்கும் இடத்தில் மலையாளத்திலும் க, தமிழிலும் க, தெலுங்கிலும் க. 'ஹெச்' இடத்தில் ப. 'ஜே' இடத்தில் ர. 'எல்' இடத்தில் த. மலையாளத்தில் சந்திரக்கலை போடும் 'டி' இடத்தில் தமிழில் புள்ளி. மலையாள இன்ஸ்கிரிப்ட் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்டைத் தனியாகக் கற்றுத்தரத் தேவையில்லை. நம் எல்லைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி! வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும், விரலுக்கு மட்டும் ஒரே பாடம்.

கோவை எல்லை:

மாஷ், மரியாதையோடு மறுக்கிறேன். தமிழ் மட்டும் அடிப்பவருக்குத் தமிழ் 99தான் சரி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு அமைப்பு அது. தமிழுக்கென்றே செய்தது. க-வை இரண்டு முறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். ங அடித்து க அடித்தால் 'ங்க' ஆகிவிடும். பத்தி பத்தியாக எழுதுகிறவருக்கு இது எவ்வளவு மிச்சம்! விண்டோஸ் 11இல் இது உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டாம்.

சித்தூர் மாஷ்:

நீங்கள் சொல்வதும் சரிதான். அதனால்தான் கணக்கு தனித்தனியாக வேண்டும் என்கிறேன். தமிழ் 99 பழகியவர் கணக்கில் அது இருக்கட்டும், பிள்ளை கணக்கில் இன்ஸ்கிரிப்ட் இருக்கட்டும். ஒரே கணக்கில் ஐந்து கீபோர்டைக் குவித்தால் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்திச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். ஒருவருக்கு ஆங்கிலத்தோடு இரண்டு போதும்.

கூட ஒன்று. நூலகத்துப் புத்தகப் பட்டியலை இரண்டு மூன்று பேர் வெவ்வேறு கீபோர்டில் அடித்தால் 'ஸ்ரீ'யைக் கவனியுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடு யூனிகோடு. 2005இல் அதன் 4.1 பதிப்பு வந்தபோது 'ஶ' என்ற எழுத்து தமிழுக்குச் சேர்ந்தது. அதன் பிறகு ஸ்ரீயை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. தேடினால் பாதிப் புத்தகங்கள் வராது. பட்டியல் எழுதுகிறவர் யார் என்பதை முடிவு செய்து, அவர் கணக்கில் ஒரே கீபோர்டை வையுங்கள்.

குமுளி ஏலம்:

எல்லோரும் ஆளுக்கொரு கணக்கு என்கிறீர்கள். நடைமுறையை யோசியுங்கள். நாற்பது பேர் வந்து போகும் இடம். நாற்பது பாஸ்வேர்டு. வாரத்துக்கு ஐந்து பேர் மறப்பார்கள். பொறுப்பாளர் புத்தகம் எடுத்துக் கொடுப்பாரா, பாஸ்வேர்டு மாற்றிக்கொண்டு இருப்பாரா? நான் ஒரு சேவை மையத்தில் இதைச் செய்து பார்த்து விட்டுவிட்டேன். மொழிக்கு ஒன்று, அதோடு நிறுத்துங்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம். உட்காருகிறவர் தன் மொழியின் பெயரை அழுத்தட்டும்.

கொழிஞ்சாம்பாறை கணக்கு:

குமுளி அண்ணாவுக்கு நான் பதில் சொல்கிறேன். மொழிக்கு ஒன்று என்றால் பிரவுசர் தமிழில் வரும், சரி. ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு அது போதாது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அயல்கூட்டத்துக் கடன் தவணைப் பட்டியலை ஒரு பொதுக் கணினியில் எழுதிவந்தேன். எல்லோருக்கும் ஒரே கணக்கு. யாரோ எதையோ நிறுவும்போது வட்டார அமைப்பை அமெரிக்கா என்று மாற்றியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல நாள், மாதம், வருடம் என்று அடித்தேன். ஜூன் 5 என்று நினைத்து 5/6 அடித்தால் கணினி மே 6 என்று எடுத்துக்கொண்டது. 25/6 அடித்தால் இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, யார் தவணை பாக்கி என்று வரிசைப்படுத்தினால் ஒழுங்காகக் கட்டிய ஒரு பெண்ணின் பெயர் பாக்கிப் பட்டியலில் வந்து நின்றது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டோம். அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவளிடம் ரசீது இருந்ததால் பிழைத்தோம்.

நீங்களும் உங்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். நாமாக எதுவும் மாற்றாதபோது சரியான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும். எழுத்தாகக் கிடப்பது இடது ஓரத்தில் நிற்கும். ஒரே பத்தியில் சிலது வலம், சிலது இடம் என்று இருந்தால் கோளாறு உண்டு. இன்னொரு அடையாளம் காற்புள்ளி. பன்னிரண்டரை லட்சம் 12,50,000 என்று வராமல் 1,250,000 என்று வந்தால் வட்டாரம் இந்தியா இல்லை.

முக்கியமாக, பிறகு வட்டாரத்தை இந்தியாவுக்கு மாற்றினாலும் பழைய தவறு திருந்தாது. மே 6 என்று உள்ளே போனது மே 6ஆகவே இருக்கும். 12ஆம் தேதிக்குள் இருந்த ஒவ்வொன்றையும் நான் ரசீதோடு வைத்து ஒப்பிட்டுத் திருத்தினேன். இரண்டு ராத்திரி ஆனது.

இந்த வட்டார அமைப்பு கணக்குக்குக் கணக்கு தனி. என் கணக்கில் நான் வைத்தது எனக்கு. அதனால் பணக் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டுமாவது தனிக் கணக்கு கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

குமுளி ஏலம்:

அக்கா, இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பணம் சம்பந்தப்பட்டவருக்குத் தனி என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு எங்கள் பட்டியலில் வலமா இடமா என்று பார்க்கிறேன்.

நகரி டிடிபி:

சொன்னபடி எழுதுகிறேன்.

எங்கள் நகரிப் பக்கம் ஆந்திர-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் விசைத்தறி ஊர். சம்பந்தம் இரண்டு பக்கமும் நடக்கும். ஒரே கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் தெலுங்கு, பெண் வீட்டுப் பக்கம் தமிழ். கடையில் தெலுங்கு வேலையைத் தம்பி செய்வான், தமிழ் வேலையை நான் செய்வேன். ஒரே கணினி, ஆளுக்கொரு கணக்கு. ஒருநாள் நான் முடித்து வைத்த பத்திரிகையை அவன் தன் கணக்கில் திறந்தால் தமிழ்ப் பக்கம் முழுக்க சம்பந்தமில்லாத ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டான்.

கோப்பு கெடவில்லை. நான் பயன்படுத்தியது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும். நான் அதை நிறுவும்போது வெறும் 'இன்ஸ்டால்' அழுத்தியிருக்கிறேன். இப்போதைய விண்டோஸில் அப்படிச் செய்தால் அந்த எழுத்துரு என் கணக்குக்கு மட்டும்தான். எழுத்துருக் கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டு 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்று கொடுக்க வேண்டும், அதற்கு நிர்வாகி அனுமதி கேட்கும். தனிக் கணக்கு போடப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். புதிதாக எழுதுவது எல்லாம் யூனிகோடிலேயே இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

இனி கணக்கு போடும் முறை. முதலில் நிர்வாகி கணக்கு ஒன்று, அதை நீங்களும் இன்னொரு பொறுப்பாளரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி வேலைக்கு அதில் நுழைய வேண்டாம். மற்ற எல்லோரும் 'ஸ்டாண்டர்ட் யூசர்'. அவர்கள் தங்கள் கணக்குக்குள் எதை மாற்றினாலும் பிறரைத் தொடாது, கணினி முழுவதற்குமான மென்பொருளை நிறுவப் போனால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும்.

புதுக் கணக்குகளைப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நிர்வாகி கணக்கில் வட்டாரத்தை இந்தியா ஆக்குங்கள், கீபோர்டில் ஆங்கிலத்தை முதலில் வையுங்கள். பிறகு 'டைம் அண்ட் லாங்வேஜ்' → 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' → 'அட்மினிஸ்ட்ரேடிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ்' போய் 'காப்பி செட்டிங்ஸ்' அழுத்தினால் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று வரவேற்புத் திரைக்கு, மற்றது இனி பிறக்கும் கணக்குகளுக்கு. இரண்டையும் டிக் செய்யுங்கள். கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு வந்த கஷ்டம் புதுக் கணக்கு எதற்கும் வராது. பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரையும் ஆங்கில கீபோர்டில் தொடங்கும்.

பிறகு செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → அதர் யூசர்ஸ் → ஆட் அக்கவுண்ட். மின்னஞ்சல் கேட்கும். அந்த நபரின் விவரம் இல்லை என்பதை அழுத்தி, அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனர் என்பதைத் தேர்ந்தால் இந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு கிடைக்கும்.

பெயரை முதலில் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். கணக்கு போடும்போது என்ன பெயரோ அதுதான் ஃபோல்டரின் பெயராகும். அது தமிழில் இருந்தால் சில பழைய மென்பொருள்கள் திணறும். கணக்கு உருவான பிறகு கன்ட்ரோல் பேனல் போய்ப் பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ மாற்றுங்கள். திரையில் தமிழ்ப் பெயர் தெரியும், ஃபோல்டர் பழைய ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும்.

வேலந்தாவளம் வாசகன்:

நகரி அண்ணா, பெரிய உதவி. தாத்தாவுக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது. என்ன செய்யலாம்?

மூணாறு தேயிலை:

பின் எண் வையுங்கள். நாலு எண் போதும். தமிழ் கீபோர்டு இருந்தாலும் ஆங்கிலம் இருந்தாலும் எண் எண்ணாகவே விழும். பின் எண் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது, வேறெங்கும் செல்லாது.

சித்தூர் மாஷ்:

கணக்கு போடும்போது பாஸ்வேர்டு மறந்தால் உதவ மூன்று கேள்விகள் கேட்கும். பிறந்த நகரம் எது, முதலில் படித்த பள்ளி எது, சின்ன வயதுச் செல்லப்பெயர் என்ன என்கிற மாதிரி. நகரத்தில் இருப்பவருக்கு இது காவல். நம் ஊரில் வாசகசாலைக்கு வருகிற அத்தனை பேரும் ஒரே ஊரில் பிறந்து ஒரே பள்ளியில் படித்தவர்கள், செல்லப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கேள்விக்கு உண்மையான பதிலை எழுதவே வேண்டாம். சம்பந்தமில்லாத ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள்.

மறந்தே போனாலும் நிர்வாகி கணக்கிலிருந்து புது பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம். கோப்புகள் இருக்கும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம், அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கோவை எல்லை:

8 ஜிபி என்கிறீர்கள். எழுந்து போகும்போது 'சைன் அவுட்' செய்யப் பழக்குங்கள். 'ஸ்விட்ச் யூசர்' மட்டும் செய்தால் முந்தையவர் திறந்து வைத்தது எல்லாம் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். நாலாவது ஆள் உட்காரும்போது கணினி நகராது.

கொழிஞ்சாம்பாறை கணக்கு:

சைன் அவுட் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுக் கணக்கில் மின்னஞ்சலைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் அடுத்தவர் கண்ணில் படும். பெண்கள் சங்கடப்படும் விஷயங்கள் இருக்கும். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் பொதுக் கணக்கில் எப்போதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

வேலந்தாவளம் வாசகன்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

இறுதியில் இரண்டையும் கலந்துதான் செய்தேன். நிர்வாகி கணக்கு ஒன்று. வந்து போகிறவர்களுக்கு 'தமிழ்', 'மலையாளம்' என்று பாஸ்வேர்டு இல்லாமல் இரண்டு பொதுக் கணக்கு. அதில் பிரவுசரும் லிப்ரே ஆஃபீசும் அந்தந்த மொழியில் இருக்கும். அயல்கூட்டத்துக்கு ஒன்று, புத்தகப் பட்டியலுக்கு ஒன்று, தினமும் வருகிற ஆறு பேருக்கு ஆளுக்கொன்று. குமுளி அண்ணா பயந்தபடி நாற்பது ஆகவில்லை, மொத்தம் பதினொன்று. பொதுவாக எல்லோரும் பார்க்க வேண்டிய கோப்புகளைப் 'பப்ளிக்' ஃபோல்டரில் வைத்தேன், அது எல்லாக் கணக்கிலும் தெரிகிறது. அவரவர் டாக்குமெண்ட்ஸ் அடுத்தவருக்குத் தெரியவில்லை.

சுவரில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டைக் கிழித்துவிட்டேன். பழைய 'லைப்ரரி' கணக்கை நீக்கப் போனபோது நல்ல வேளையாக எச்சரிக்கையை வாசித்தேன். நீக்கினால் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்து போகும் என்று இருந்தது. பிள்ளைகளின் ஓவியங்களும் ஓணத்துக்கு எடுத்த படங்களும் அதில்தான் இருந்தன. எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகே நீக்கினேன்.

மாஷ், நீங்கள் சொன்னது உண்மை. ஏழாம் வகுப்பு மலையாளம் மீடியம் பெண் ஒருத்திக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்டை வைத்துக் கொடுத்தேன். தமிழ் அவளுக்குப் பேசத் தெரியும், எழுத்து தடுமாறும். தன் பாட்டி பெயரைத் தானே அடித்துவிட்டாள். ன எங்கே என்று மட்டும் கேட்டாள்.

தாத்தா கணக்கில் 'ஆக்சஸிபிலிட்டி' போய் எழுத்தளவை 175 சதவீதம் வைத்தேன். அது 225 வரை போகும். அவருக்கு 175 போதுமாம். பின் எண்ணாகத் தன் பழைய ரேஷன் கார்டின் கடைசி நாலு எண்ணை வைத்துக்கொண்டார். நேற்று நான் வருவதற்கு முன்பே வந்து, தானாகவே நுழைந்து, படித்துக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. அவர் கணக்கில் எழுத்து பெரிதாகிவிட்டது, ஆனால் மவுஸ் அம்பு சிறியதாகவே இருக்கிறது, தேடுகிறார். அதற்கு எங்கே போக வேண்டும்?

நகரி டிடிபி:

அதே ஆக்சஸிபிலிட்டியில் 'மவுஸ் பாயின்டர் அண்ட் டச்'. அளவையும் கூட்டலாம், நிறத்தையும் மாற்றலாம். மஞ்சளோ பச்சையோ வைத்துக் கொடுங்கள் தம்பி, வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பு அவர் கண்ணுக்குத் தெரியாது.

வேலந்தாவளம் வாசகன்:

பச்சை வைத்தேன். பிடித்திருக்கிறதாம்.